ஏரிக்குப் போய்த் திரும்பிய தண்ணீர்

என் மனைவி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறவள் என்று சொல்ல வந்தவன் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் திரும்பி, கரும்பையும் வாழையையும் தாண்டினால் ஓர் ஏரி வரும். அங்கே போகும்போதெல்லாம் அவளுடைய ஐஸ் பெட்டியில் காலி பாட்டில்களுக்கு நடுவே ஒரே ஒரு நிறைந்த பாட்டில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர். மற்ற பாட்டில்களோடு சேர்த்துக் கழுவிய பாட்டில் தான் அதுவும். அதை ஏரிக்கரை வரை கொண்டுபோவாள், ஒரு தரம் மூடியைத் திறந்து மூடுவாள், அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள்.

கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காவேரி ஓடுற சீமையில இருந்துகிட்டு ஏரிக்குத் தண்ணி சுமக்கறவ நீ ஒருத்தி தான்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இதைச் சோதிச்சா ஒண்ணுமே வரக் கூடாது. வந்தா தப்பு நம்மகிட்ட இருக்குன்னு அர்த்தம். பாட்டில் அழுக்கோ, பெட்டி அழுக்கோ, என் கை அழுக்கோ, எதுவா இருந்தாலும் இது காட்டிக் கொடுத்துடும்" என்றாள். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் உண்டு. நான் வைத்த பெயர் சும்மா தண்ணி. கேலிக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. இப்போது அவளுடைய மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் காப்பீட்டு நிறுவனங்களுக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர். அப்பா ரயில்வே பணிமனை வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, கன்னடத்தில் படித்து, தமிழில் திட்டு வாங்கி வளர்ந்தவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் போன வருஷத்து நசுங்கலை இந்த வாரத்து விபத்தில் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். மீதிப் பேர் நாய் குறுக்கே வந்தது என்பார்கள். இந்த ஊர் நாய்கள் மேல் விழுந்திருக்கிற பழிக்கு அளவே கிடையாது. அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பது என் பிழைப்பு. தான் சொல்வதையே நம்பாமல் இருப்பது அவள் பிழைப்பு. இரண்டும் ஒரே குணம் தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் செய்வது ஏரிகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் அவளுக்கு ஒரு கூடம், ஒரு பழைய ஜீப், மூன்று நான்கு மாணவர்கள். தண்ணீரைச் சோதிப்பாள், பறவைகளைக் கணக்கெடுப்பாள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டி, கரண்டியால் விலக்கி விலக்கிப் பார்ப்பாள். தட்டான்பூச்சி தண்ணீருக்கடியில் தான் குழந்தைப் பருவத்தைக் கழிக்கிறது என்பதே எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் தான் தெரியும். தட்டில் அந்தக் குஞ்சுகள் ஊர்ந்தால் அவள் முகம் மலரும். நூல் நூலாகச் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் பேச்சு நின்றுவிடும். மூச்சுக்குக் காற்று குறைந்த சேற்றில் அவை தான் தாக்குப்பிடிக்கும் என்பாள். எங்கள் வீட்டில் சாம்பார் வைக்கிற கரண்டி ஒன்று இப்படித்தான் சேறு விலக்கப் போய், அரசாங்கத்துக்குக் கட்டின பணம் மாதிரி திரும்பி வரவே இல்லை.

விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். கரையில் உட்கார்ந்து கடலை கொறிப்பது என் வேலை. அவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பாள். வெயில் ஏறும், முதுகு நனையும், ஒரு பாட்டிலை நிரப்புவதற்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு லாரியையே மதிப்பிட்டு முடித்திருப்பேன். நீரோட்டத்துக்கு எதிராக நிற்க வேண்டும், கலங்கிய தண்ணீர் உள்ளே போகக் கூடாது, பாட்டிலை அதே தண்ணீரால் அலசிக் கீழ்ப்பக்கமாகக் கொட்ட வேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் இத்தனையும் ஒழுங்காகச் செய்கிற ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு சுகம். இதை அவளிடம் நேராகச் சொன்னதில்லை. சொன்னால் "கடலையைத் தண்ணியில போடாதீங்க" என்று தான் பதில் வரும்.

அந்த நஞ்சன்கூட்டுச் சாலை ஏரி அவளுக்குச் செல்லம். குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் இறங்கும். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையையே தாண்டிப் பறந்து வந்து, நம்ம ஊர்க் கரும்புத் தோட்டத்துப் பக்கத்தில் சாவகாசமாக மேயும். அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் ஒரு கன்னடக்காரர், என் வயசு இருக்கும். பரிசலில் அவளை நடு ஏரிக்குக் கூட்டிப்போகிறவர் அவர் தான். எங்களைக் கண்டால் முதல் வேலையாக ஆளனுப்பித் தேநீர் வரவழைப்பார். அவரிடம் கன்னடத்தில் தான் பேச்சு, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருடைய மீன்கள் செத்து மிதந்தன. ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு பெரிய குடியிருப்பு வந்திருந்தது. வாசலில் நீரூற்று, உள்ளே புல்வெளி. கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விடுகிறோம் என்றார்கள். அங்கிருந்து ஒரு கால்வாய் நேராக ஏரியில் வந்து விழுந்தது. மூக்கு இருந்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். ஏரித் தண்ணீர் பச்சையாகத் தடித்து, துணி துவைக்க வருகிறவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். மீன்காரரும் ஊர்க்காரர்களும் மனு மேல் மனுவாகக் கொடுத்து, கடைசியில் ஒரு அதிகாரி தசராவுக்கு அப்புறம் கூட்டம் போட்டு விசாரிப்பதாகச் சொன்னார். கால்வாய் வந்து விழுகிற இடத்துக்கு மேலே எடுத்த தண்ணீரையும் கீழே எடுத்த தண்ணீரையும் சோதித்து, அந்தக் கூட்டத்துக்கு முடிவைக் கொண்டுவரும்படி என் மனைவியைக் கேட்டார். கால்வாயை அடைப்பதா வேண்டாமா என்பது அவள் சொல்வதில் தான் இருந்தது.

அதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் தசரா என்றால் ஊரே தலைகீழாக நிற்கும், ஆராய்ச்சியாளர்கள் மட்டும் தப்பிவிடுவார்களா? கூடத்தையே கழுவித் துடைத்து, நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், ஜீப்புக்கு வாழைக்கன்றும் சக்கரத்தடியில் எலுமிச்சையும். தண்ணீர் எடுக்கிற பாட்டில்களை எல்லாம் ஒரு மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பூ வைத்திருந்தார்கள். அவை பளிச்சென்று இருந்தன. அடுக்கியது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து அவளிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். "பாட்டில் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கே" என்று என் மனைவி அவளைப் பாராட்டியதை நானே கேட்டேன். நான் பொரியும் சர்க்கரையும் தின்றுவிட்டு, பூசணிக்காய் உடைப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

விடுமுறை முடிந்ததும் அந்தப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவளைக் கூட்டிவர நான் கூடத்துக்குப் போனபோது, ஹனூர்ப் பெண் என்னை உள்ளே இழுக்காத குறை தான். "வந்து பாருங்க சார்" என்றாள். மேசை மேல் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன, எல்லாமே நீலம். சோதிப்பது பாஸ்பேட். சாக்கடையிலும் உரத்திலும் இருக்கிற சத்து அது. ஏரியில் அதிகமானால் பாசி கொழுத்து, மீனுக்கு மூச்சு முட்டும். மருந்தைக் கலந்தால் தண்ணீர் நீலமாகும், எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். கால்வாய்க்குக் கீழே எடுத்தது மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. நானே இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டேன். நாளைக்குக் கூட்டத்தில் இந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினால் போதும், வேறு பேச்சே வேண்டாம் என்று தோன்றியது.

என் மனைவி வரிசையைப் பார்த்துவிட்டு, "சும்மா தண்ணி எங்கே?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டியில இருக்குதுங்க மேடம். நேரமாச்சுன்னு ஏரிப் பாட்டில முதல்ல போட்டுட்டனுங்க. அதுல என்னங்க இருக்கப் போவுது? நாம ஊத்துன தண்ணி தானுங்களே."

"போடு."

அந்தப் பெண் போட்டாள். நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி நின்றோம். எனக்குப் பசி. வழியில் எங்கே தோசை சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழாய் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீராகவே இருந்தது, பச்சைத் தண்ணீர் என்றால் நிறமில்லாமல். அப்புறம் அடியிலிருந்து லேசாக நீலம் படர்ந்தது. முதலில் பக்கத்துக் குழாயின் நிழல் என்று நினைத்தேன். என் மனைவி குழாயைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். நிழல் இல்லை. அது நீலமாகிக்கொண்டே போனது.

அவள் அலமாரியைத் திறந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கினாள். உள்ளே மெல்லிசாக நுரை கட்டியது. மூடியைத் திறந்து மோந்து பார்த்து என்னிடம் நீட்டினாள். எலுமிச்சை வாசனை. எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வருகிற அதே வாசனை.

"எதுல கழுவுன?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பூசைக்கு அழுக்கா வெக்கப்படாதுன்னு, பாத்திரம் கழுவுற சோப்புல... கையாலயே உள்ள விட்டுத் தேச்சேனுங்க மேடம்." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சோப்பில் பாஸ்பேட் இருக்கிறது. இந்தப் பாட்டில்களை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து வடித்த தண்ணீரில் அலசுவார்களே தவிர, சோப்பைக் கிட்டேயே கொண்டுவர மாட்டார்கள். அது தெரியாதவளா? தெரியும். ஆனால் பூஜைக்குக் கழுவுவது வேறு, சோதனைக்குக் கழுவுவது வேறு என்று அன்றைக்கு அவள் மனசு பிரித்துக்கொண்டுவிட்டது. சாமிக்கு என்று வந்துவிட்டால் நம்மில் யாருக்கு ஆய்வுக்கூட விதி ஞாபகம் இருக்கும்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நானும் தானே பார்த்துட்டுக் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னேன்" என்றாள் என் மனைவி. "போய் முகம் கழுவிட்டு வா. முகத்துக்குச் சோப்புப் போடலாம்." அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். ஏரியில் சாக்கடை கலப்பது பொய்யா? இல்லை. மீன் செத்தது பொய்யா? இல்லை. சோப்பு கொஞ்சம் கூட்டியிருக்கும், அவ்வளவு தானே? அந்தக் கும்பல் வருஷக்கணக்காக ஊரை ஏமாற்றுகிறது, நீ ஒரு நாள் சும்மா தண்ணியைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? இப்படி எல்லாம் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். மீன்காரருடைய முகம் என் கண் முன்னால் நின்றது.

"சோப்பு எவ்வளவு கூட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஒரு பாட்டில்ல கம்மியா ஒட்டியிருக்கும், ஒண்ணுல ஜாஸ்தியா. அப்போ அந்த நீலத்துல எவ்வளவு ஏரி, எவ்வளவு சோப்பு?"

"ஏரி கெட்டுப்போச்சுன்னு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். தெரியறது வேற, காட்டறது வேற. சும்மா இருங்க சர்வேயர் சார்." கோபம் வந்தால் தான் நான் அவளுக்குச் சர்வேயர் சார். வீடு வரும்வரை சும்மா இருந்தேன். தோசை சாப்பிடவில்லை.

மறுநாள் கூட்டம் தாலுகா அலுவலகத்து மாடியில். அதிகாரி ஒரு பக்கம், இஸ்திரி கலையாத சட்டையில் குடியிருப்புக் கட்டுமானப் பொறியாளர் ஒரு பக்கம், எதிரே ஊர்க்காரர்கள். மீன்காரர் முன் வரிசையில் வேட்டியை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவி எழுந்து நின்று, கன்னடத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள்: எங்கள் பாட்டில்கள் தவறுதலாகச் சோப்பில் கழுவப்பட்டிருந்தன. சுத்தமான தண்ணீர் வைத்திருந்த பாட்டிலிலும் பாஸ்பேட் வந்தது. ஆகையால் இந்த முடிவுகளை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஏரி நன்றாக இருக்கிறது என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, கெட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இரண்டு தரப்பையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி தண்ணீர் எடுக்க அனுமதி கொடுங்கள். கழுவியது யார் என்று அதிகாரி கேட்டார். "என் கூடம் சார், என் பாட்டில்" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஹனூர்ப் பெண் தலையைத் தூக்கவே இல்லை.

"மேடம் முதலில் பாட்டில் கழுவக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் ஏரியைப் பார்க்கலாம்" என்றார் பொறியாளர். சிரிப்பு எழுந்தது. அதில் ஊர்க்காரர்களின் சிரிப்பும் இருந்தது, அது தான் என்னைச் சுட்டது. நான் எழுந்துவிட்டேன். ஒரு வாய்ச் சண்டையாவது போடாமல் நான் கீழே இறங்கியிருக்க மாட்டேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன். மறு சோதனைக்கு அதிகாரி ஒப்புக்கொண்டார், ஆனால் எரிச்சலோடு.

மாடிப்படியில் மீன்காரர் எங்களுக்காக நிற்கவில்லை. அவள் தான் எட்டிப் பிடித்துக் கூப்பிட்டாள். அவர் திரும்பினார். "உங்க பாட்டில் சுத்தமா இருக்கான்னு நீங்க பார்த்தீங்க அம்மா. சரி. எங்க ஏரி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் தடவையாக அன்றைக்கு எங்களுக்குத் தேநீர் சொல்லவில்லை.

வண்டியில் அவள் அழுதாள். பொறியாளர் சொன்னதற்கு அல்ல, மீன்காரர் கேட்டதற்கு. எனக்கு அப்போது தான் ஒன்று உறைத்தது. என் தொழிலில் நான் யாரை நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டம் கிடையாது. சந்தேகப்பட்டதற்காக எனக்குச் சம்பளமே தருகிறார்கள். இவள் தன்னையே சந்தேகப்பட்டு, அதை எதிராளி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, சொன்னதற்குச் சிரிப்பும் வாங்கி, வேண்டியவர் ஒருவரையும் இழந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டும் ஒரே குணம் என்று இத்தனை வருஷம் நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று பெருமையாகவும் இருந்தது. அதையாவது சொல்லியிருக்கலாம். "தோசை சாப்பிடலாமா?" என்று தான் கேட்டேன்.

அடுத்த வாரமே புதுப் பாட்டில்கள் வந்தன. ஹனூர்ப் பெண் அவற்றை அமிலத்தில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, யாரையும் தொடவிடாமல் பூட்டிவைத்தாள். அலமாரிக் கதவில் அவள் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இன்றைக்கும் இருக்கிறது: பூஜைக்குக் குங்குமம் மட்டும்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் ஏரிக்குப் போனோம். அதிகாரி தன் அலுவலகத்து ஆள் ஒருவரை அனுப்பியிருந்தார். குடியிருப்பின் தரப்பில் ஒரு மேற்பார்வையாளர் வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து, சேற்றைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுகொண்டார். மீன்காரர் பரிசலோடு வந்தார். அதிகாரி சொன்னதால் வந்தார், அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் நிறைந்த பாட்டில் அவர் கண்ணில் பட்டது. இத்தனை நாள் பரிசல் தள்ளியவர், அதை இப்போது தான் கவனித்தார் போலிருக்கிறது.

"இது என்ன?"

"தண்ணி."

"ஏரிக்கே தண்ணியா?" என்றார். என் பழைய கேலி இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவ்வளவு நன்றாக இல்லை.

அவள் பரிசல் விளிம்பில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினாள். "ஏரியில எடுக்கற தண்ணி ஏரியைப் பத்திச் சொல்லும். இது என்னைப் பத்திச் சொல்லும். நான் ஒழுங்கா இருந்தா இதுல ஒண்ணும் வராது. அன்னைக்கு வந்துடுச்சு. அதை மறைச்சுட்டு நான் பேசியிருந்தா, அவங்க ஆளுங்க ஒரு நாள் கண்டுபிடிச்சிருப்பாங்க. அப்புறம் இந்த ஏரிக்காக யார் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது."

அவர் பாட்டிலைக் கையில் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். பரிசலைத் தள்ளுகிற கோலைக் கூட வந்திருந்த தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்வாய்க்கு மேலே எடுத்தாள், அது ஏரியில் விழுகிற இடத்தில் எடுத்தாள், கீழே எடுத்தாள், நடு ஏரியில் எடுத்தாள். அவள் சொன்னபோது அவர் மூடியைத் திறந்தார், சொன்னபோது மூடினார். திரும்பும்போது பாட்டில் ஐஸில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர் மடியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஜீப்பில் பின்னால் ஏறி, பெட்டி மூடி மேல் கையை வைத்துக்கொண்டே மைசூர் வரைக்கும் வந்தார்.

கூடத்தில் அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். இந்தத் தடவை ஹனூர்ப் பெண் சும்மா தண்ணியைத் தான் முதலில் போட்டாள். எல்லோரும் நின்றோம், வெள்ளைச் செருப்புக்காரர் உட்பட. மற்ற குழாய்களில் ஒவ்வொன்றாக நிறம் ஏறியது. கால்வாய்க்கு மேலே எடுத்ததில் இருக்கா இல்லையா என்று தேட வேண்டிய அளவு. கீழே எடுத்ததில் நல்ல நீலம். அன்றைக்கு வந்த மயில் கழுத்து இல்லை, அதைவிடக் குறைவு தான், ஆனால் தெளிவான நீலம். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் பார்வை முழுக்க முதல் குழாயில் இருந்தது. நேரம் கடந்தது. அது நிறம் மாறவே இல்லை. ஹனூர்ப் பெண் அந்தக் குழாயைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள், பிறகு மீன்காரரிடம் நீட்டினாள். எதுவும் வராமல் போனதற்காக மூன்று பேர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது கூட்டமும் அதே மாடியில் தான். வரித்தலை வாத்துகள் அந்த வாரம் வந்து இறங்கியிருந்தன. அந்தச் சேதியை என் மனைவி அதிகாரியிடம் முதலில் சொன்னாள், அவர் தலையாட்டினார். அவள் தாள்களை எடுப்பதற்குள் பொறியாளர் முந்திக்கொண்டார். "இந்தத் தடவை பாட்டிலை எதில் கழுவினார்கள் என்று முதலில் சொல்லட்டும்" என்றார். தயாராக இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "அதைத் தான் நானும் கேட்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். "மேடம், ஏரியை அப்புறம் பார்ப்போம். போன தடவை உங்களைக் காட்டிக்கொடுத்ததே ஒரு பாட்டில், சுத்தத் தண்ணீர் பாட்டில். அதில் இந்த முறை என்ன வந்தது?"

அவள் தாளைப் புரட்டத் தொடங்கினாள். அதற்குள் முன் வரிசையில் மீன்காரர் எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் வரலை சார்" என்றார். "நான் தான் மடியில வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன், நான் தான் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒண்ணும் வரலை."

அதிகாரி அதைத் தான் முதல் வரியாக எழுதிக்கொண்டார். பிறகு, "இப்போ ஏரியைச் சொல்லுங்க மேடம்" என்றார்.